குடைக்காரன் சொன்னது

இன்றைக்கு அவர் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வந்துவிடும் என்று சம்பூரணம் காலையில் பால் பொங்கும்போதே முடிவுகட்டிவிட்டாள். ஒன்றே ஒன்று போதும், பெரிய வார்த்தையாக இருக்க வேண்டும் என்றில்லை, தண்ணி என்றாலும் சரி, சனியனே என்று திட்டினாலும் சரி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அவள் பேராசைப்படவில்லை, அந்த "அப்புறம்" இல்லாத ஏதாவது ஒன்று. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து புருஷன் சென்னியப்பனிடம் மிச்சம் இருப்பது அந்த ஒற்றை வார்த்தைதான். காப்பி கொடுத்தால் அப்புறம். கொசு கடித்தால் அப்புறம். ஓசூரிலிருந்து மகன் வீடியோவில் வந்து அப்பா என்று கண்கலங்கினால் அதற்கும் அப்புறம். பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் அதேதான், முகம் போகிற போக்கை வைத்து அவளாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் அசந்தால் வேட்டி நனைந்துவிடும், நனைந்த பிறகும் அவளைப் பார்த்து, கதை கேட்கிற ஆள்போல நிதானமாக, அப்புறம் என்பார். சில நாள் அவளுக்கு வெறி வந்துவிடும். "அப்புறம் என்ன, அப்புறம் நான் சாகறன், போதுமா" என்று கத்திவிட்டு அடுக்களையில் போய் நின்று அழுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் தங்கமானவள், அவள்தான் சொன்னாள், "அதுக்கு அர்த்தம் எதும் இல்லீங்கம்மா, மூளையில அந்த ஒண்ணுதான் தங்கியிருக்கு, என்ன நெனச்சாலும் வாயில அதுதான் வருது. பழகுன பாட்டு, பழகுன படம் இப்படி எதாச்சும் போட்டுக் காமிங்க. சில பேருக்கு அதுல வார்த்த வந்துருக்குது." சில பேருக்கு. சம்பூரணம் அந்தச் சில பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பாட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பழகிய படம் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அந்தக் குடைக்காரன் படம். அதையே கோயமுத்தூர் திரைப்படச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுகிறார்கள் என்று போனில் செய்தி வந்தபோது, சாமியே அனுப்பிவைத்ததாக அவள் நினைத்துக்கொண்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதனால் இப்போது இந்த அரங்கத்துக் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஏசியை யாரோ பழிவாங்குகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அவருடைய சக்கர நாற்காலியை வரிசைக் கோடியில், நடக்கிற வழியை ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டு, தோளில் துண்டைச் சுற்றி, அவருக்கு இடது பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் அந்தப் பக்கம்தான். அவர் வாய் அவளுடைய வலது காதுக்கு வர வேண்டும், அதுதான் இத்தனை வருஷ ஏற்பாடு. இப்போது அவருடைய வலது கை மடியில் செத்துக் கிடக்கிறது, இடது கை மட்டும் அவள் கையில். சங்கத் தலைவர், தாடி வைத்த சின்ன வயசுக்காரர், மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் படம் ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் எவ்வளவோ காதல் காமெடி எடுத்தார்கள், எடுத்தவர்களும் போய்விட்டார்கள், நடித்தவர்களும் போய்விட்டார்கள், ஆனால் இந்த இரண்டு பேர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாமும் வந்து பார்க்கிறோம், காரணம் என்னவென்றால் அவர்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் பிரிய மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும், அந்த நிம்மதிக்காகத்தான் வருகிறோம் என்றார். கைதட்டினார்கள். சம்பூரணத்தைக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பாள். அந்தக் குடைக்காரன் பேசுகிறான். ஒரு ஆம்பளை தன் மனசில் இருப்பதை, இருக்கிற மாதிரியே, வாயைத் திறந்து பொம்பளையிடம் சொல்கிறான். அதை எங்கே பார்க்கக் கிடைக்கிறது. அவள் அப்பா பேசி அவள் கேட்டதில்லை, அண்ணன்மார் அதட்டத்தான் வாயைத் திறப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனோ நாக்கு நன்றாக இருந்த காலத்திலேயே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தையோடு கடையைக் கட்டிவிடுவார், அதிலும் பாதி மில்லைப் பற்றி. தலைவர் கடைசியாக ஒரு நல்ல சேதி சொன்னார். இந்த முறை படத்துக்கு அடியில் தமிழிலேயே எழுத்து வரும், நம்முடைய மாணவர்களே உட்கார்ந்து எழுதியது. சம்பூரணத்துக்கு மகா சந்தோஷம். தான் எங்காவது மறந்து தடுமாறினாலும் எழுத்தைப் பார்த்து அவர் காதில் சொல்லிவிடலாம். "ஏனுங்க, தமிழ்ல போடறாங்களாமா" என்று அவர் கையை அழுத்தினாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்" என்றார்.

விளக்கு அணைந்தது. அந்த இருட்டு மட்டும் மாறவே இல்லை. கல்யாணமான வருஷம் இப்படித்தான் ஒரு இருட்டில் அவரோடு வந்து உட்கார்ந்தாள், தாராபுரத்துப் பக்கம் காட்டுக்குள்ளிருந்து வந்தவள், எட்டாவதோடு நின்றவள், இங்கிலீஷ் படம் என்று ஒன்றைப் பார்த்தே அறியாதவள். மில் மேனேஜர் தன்னுடைய திரைப்படச் சங்க அட்டையை இவருக்குக் கொடுத்திருந்தார். பஞ்சைப் பிரித்துப் பார்த்து இழையின் நீளம் சொல்கிற வேலை இவருக்கு, டெஸ்டிங் லேபில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற உத்தியோகம், அதனால் இங்கிலீஷ் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். சுற்றிலும் செண்ட் வாசனை, கண்ணாடி போட்ட ஆட்கள், காலுக்கு மேல் கால். படம் ஓடத் தொடங்கியதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, மழைச் சத்தத்தைத் தவிர. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் சாய்ந்தார், மீசை காதில் உரச, மெதுவாக, "இவன் குடைக்கடை வெச்சுருக்கான். அவ ரேடியோவுல மழ வருமா வராதான்னு சொல்ற பொண்ணு. அவ தெனமும் வெயில்னு சொல்லிப்போடறா, இவனுக்கு யாவாரம் படுத்துருச்சு. சண்டைக்கிப் போறான்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. படம் முழுக்கப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு அப்புறம். அப்புறம் அவன் சொல்றான். அப்புறம் அவ கேக்கறா. சம்பூரணத்துக்கு இப்போது சுரீர் என்றது. கையிலிருந்த அவர் கை அப்படியே இருந்தது. அந்த அப்புறம்தானா இது. ஆஸ்பத்திரியிலிருந்து இத்தனை மாசமாக அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து ஆரம்பித்து நிற்கிறாரா, அதற்கு நான் அடுக்களையில் நின்று கத்தினேனா. அர்த்தம் இல்லை என்றாளே அந்தப் பெண், படித்த பெண், அவளுக்குத் தெரியாதா. இருக்கட்டும், இப்போது அதெல்லாம் வேண்டாம். திரையில் குடைக்கடை வந்துவிட்டது. அவள் சாய்ந்து அவருடைய இடது காதில், யாருக்கும் கேட்காதபடி, "அப்புறம் அவ கடைக்கே வந்துட்டா, பாருங்க" என்று தொடங்கினாள்.

கடைச் சண்டை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ரேடியோக்காரி மேஜையைத் தட்டுவாள், குடைக்காரன் ஒரு குடையைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசுவான். என்ன பேசுவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "நீ கோவிச்சுக்கறப்ப உன்ற மூக்கு நுனி செவக்குது. அதப் பாக்கறதுக்குன்னே நான் வம்புக்கு வர்றன். யாவாரமெல்லாம் சும்மா." அவர் காதில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கீழே எழுத்துக்குப் போனது. *இது மூங்கில் கைப்பிடி. இது பித்தளை. இது வாத்துத் தலை. எதால் அடிவாங்க விருப்பம் என்று சொல்லுங்கள், எனக்கு நேரமில்லை.* அரங்கமே சிரித்தது. சம்பூரணம் சிரிக்கவில்லை. வாத்துத் தலையா. வாத்து எங்கே வந்தது. பிள்ளைகள் எழுதியதுதானே, அவசரத்தில் வேறு எதையோ போட்டிருப்பார்கள், அடுத்த சீனில் வர வேண்டியது முன்னால் வந்திருக்கும், மகன் வீட்டு டிவியில்கூட ஒரு தடவை அப்படி உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் ஓடியது. ஆனால் திரையில் அவன் கையில் இருந்த குடைக்கு வாத்துத் தலைதான் இருந்தது. இத்தனை தடவை பார்த்திருக்கிறாள், அந்த வாத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, அவர் சொல்வதைக் கேட்கிற காதிலேயே இருந்திருக்கிறாள். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது, தோன்றியதும் உட்கார்ந்த இடத்தில் நகர்ந்துகொண்டாள். கறுப்பு வெள்ளைப் படம். மூக்கு சிவந்தது எப்படித் தெரியும். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவப்பது யாருக்கு என்று தாராபுரத்தில் அவள் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நினைப்பை அவள் கையால் தள்ளிவிட்டாள். வெள்ளைக்காரிக்குச் சிவக்காதா என்ன, தோல் அப்படி.

அடுத்தது டெலிபோன். இது தப்பாக இருக்க முடியாது, இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் இதில்தான் அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான். ராத்திரி தனியாக உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டு, "நேத்து நீ வெச்ச சூப்புல உப்பே இல்ல. நான் சொல்லல. ஒவ்வொரு வாய்க்கும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தியா, எப்புடிச் சொல்றது. நல்லாத்தான் இருந்துச்சு" என்பான். அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது அன்றைக்கு. புதுக்குடித்தனம், முந்தின நாள்தான் அவள் ரசத்தில் உப்புப் போட மறந்து, அவர் சத்தமில்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு எழுந்துபோய், பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்து வாயில் வைத்ததும் உயிரே போய்விட்டது. ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் உப்பு மறக்கிறது, அமெரிக்காவிலும் மறக்கிறது, ஆம்பளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அந்த இருட்டில் மூச்சு விட்டாளே. குடைக்காரன் போனை எடுத்தான். எழுத்து வந்தது. *கம்பி இரண்டு கட்டு, துணி கறுப்பில் ஒரு சுருள். இல்லை ஐயா, நான் அழவில்லை, ஜலதோஷம்.* மறுபடியும் சிரிப்பு. சம்பூரணத்தின் காதுமடல் சுட்டது. அவளுக்கு மறுபக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தது, மோனிஷா என்று கழுத்தில் அட்டை, சங்கத்து வேலையாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை, சக்கர நாற்காலியை இங்கே தள்ளிக்கொண்டு வந்ததும் அதுதான். "ஏங் கண்ணு, இந்தக் கீழ வர்ற எழுத்தெல்லாம் சரிதானா?" என்று கேட்டாள். "ஏனுங்கம்மா, தப்பா இருக்குதுங்களா?" "இல்ல, அவன் சூப்பப் பத்திப் பேசுவானே இந்த எடத்துல." பெண் திரும்பிப் பார்த்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையாக, "சூப்பே படத்துல வராதுங்கம்மா. நான்தாங்க இந்தப் பாகம் எழுதுனது, ரெண்டு மாசம் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதுனனுங்க" என்றது. "ஓ" என்றாள் சம்பூரணம். "நல்லா எழுதியிருக்கற சாமி" என்றும் சொல்லிவைத்தாள், அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணியது.

அப்படியானால் யார் பேசியது. இதை நேராக நினைக்க அவளால் முடியவில்லை, சுற்றிச் சுற்றி வந்தாள். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுதான் விஷயம், மில்லில் வெள்ளைச் சட்டை போட்டதற்காகத் தெரிந்துவிடுமா, புதுப்பெண்டாட்டி முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கிறார், பிறகு விட முடியாமல் ஒவ்வொரு தடவையும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். நல்லா ஏமாத்துனீங்க போங்க. கோபம்கூட வந்தது, வந்த கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருக்கும் என்று நினைத்ததும் அது நிற்கவில்லை, ஓடிவிட்டது. ஆனால் தெரியாமல் அடித்துவிடுகிறவன் ஒரே மாதிரி அல்லவா அடித்துவிடுவான். வருஷம் போகப்போகச் சில இடத்தில் வசனம் மாறியதே. சங்கத்தில் மறுபடியும் போட்டபோது மாறியது, மகன் சிடி வாங்கிக் கொடுத்து வீட்டில் பார்த்தபோது மாறியது. "போன தடவ வேற சொன்னீங்களே" என்று அவளே இடித்திருக்கிறாள். "பழைய படம், ரெண்டு விதமாவும் அர்த்தம் வரும்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகன் பிறந்த வருஷம் குடைக்காரன், நீ தூங்கு நான் முழிச்சிருக்கறன் என்று ஒரு இடத்தில் சொன்னான். அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம், எனக்கு நீ மட்டும் இருந்தாப் போதும் என்றான், ஹோட்டல் வாசலில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அமெரிக்காக்காரன் வாயிலிருந்து அது வந்தது என்று அவள் அழுதாள். இங்கிலீஷ் தெரிந்ததோ தெரியாததோ, அதை யாரைக் கேட்பது. கேட்க வேண்டிய ஆள் இதோ முழங்கை இடிக்கிற தூரத்தில் இருக்கிறார், வாயோரம் எச்சில் வழிகிறது. துண்டால் துடைத்தாள். "ஏனுங்க, அது நீங்களா?" என்று காதில் கேட்டாள். அவர் திரும்பவில்லை. படத்தின் வெளிச்சம் அவர் கன்னத்தில் ஏறி இறங்கியது. பதில் வராது என்று தெரிந்தும் அவள் அந்தக் காதருகிலேயே காத்திருந்தாள்.

அப்போதுதான் பூங்கா வரப்போகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்துவிடலாமா. பிரேக்கை எடுத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன, அவருக்குப் பாத்ரூம் என்று சொன்னால் வழிவிடுவார்கள். எழுந்திருக்கவும் முடியவில்லை. பூங்காவில் ஒரு பெஞ்சு, மழை விட்ட சாயங்காலம், ரேடியோக்காரி முதலிலேயே வந்து உட்கார்ந்திருப்பாள், குடைக்காரன் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்காருவான், ரொம்ப நேரம் தரையைப் பார்ப்பான். முதல் தடவை பார்த்தபோது அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை, இந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்குதா என்று கேட்டான், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் சம்பூரணத்தின் அப்பா செத்தார். மில்லுக்குத் தந்தி போயிற்று. மாப்பிள்ளை வந்து பிணத்தின் மேல் கோடித்துணி போட வேண்டும், மற்றவர்கள் போட்டாயிற்று, ஒரே பெண்ணின் புருஷன் வரட்டும் என்று அப்பாவை வாசலில் கிடத்தி வெயில் சாயும்வரை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எல்லாத் தலையும் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது, பிறகு அவள் பக்கம் திரும்பியது. இனித் தாங்காது என்று பெரியப்பா சொல்லி எடுத்தார்கள். காடு போய்த் திரும்பி, குளித்து, வாசலில் தண்ணீர் தெளித்த பிறகு இவர் வந்தார், செய்தித்தாளில் சுற்றிய துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. லீவு கிடைக்கவில்லை என்றார். ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கேவலம். அந்தத் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பந்தக்காலோரம் நின்றார். சம்பூரணம் அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிள்ளை பெற்றாள், அதை மட்டும் விடவில்லை. எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில்தான் போய் நிற்கும்.

பெஞ்சு வந்தது. அப்பா போன பிறகு இதே சங்கத்தில் பார்த்தபோது இந்த இடத்தில் அவருடைய குரல் கட்டிக்கொண்டது, அவள் சளி என்று நினைத்தாள். "அப்புறம் அவன் சொல்றான்," என்று நிறுத்தி, "உங்கப்பாரு போனப்ப நான் வந்துருக்கோணும். லீவு கெடைக்கலைன்னு சொன்னது பொய்யி. பஸ் ஏறி பாதி வழி வந்துட்டன். எனக்கு எழவு வீட்டுல எப்புடி நிக்கறதுன்னு தெரியாது, எங்கம்மா சாவுல என்னையப் புடிச்சுக் கொள்ளி வெக்கச் சொன்னப்ப நான் சின்னப்பையன், அதுல இருந்து பயம். பல்லடத்துல எறங்கி ஒக்காந்துட்டன். அவரத் தூக்கியிருப்பாங்கன்னு தெரிஞ்சப்பறந்தான் மறுபடி ஏறுனன்." ஐயோ, பல்லடம். பல்லடம் என்றா சொன்னார். இல்லை, பேர் எதுவும் சொல்லவில்லை, வழியில் ஒரு ஊர் என்றார், பல்லடத்தை இப்போது இவளே போட்டுக்கொள்கிறாள், தாராபுரம் போகிற பஸ் வேறு எங்கே நிற்கும். அன்றைக்கு அவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று. அந்த ரேடியோக்காரிக்கும் அப்பா செத்திருக்கிறார், அந்த ஊரிலும் இப்படி நடக்கிறது என்று நினைத்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அந்தக் குடைக்காரனை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள். குடைக்காரனை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "பாத்தீங்களா, தப்புன்னு தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றான். அந்த வெள்ளக்காரனுக்கு இருக்கற மனசு உங்களுக்கு இல்லியே" என்று சொன்னாள். ஒரு தடவையா சொன்னாள். வருஷக்கணக்கில் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் குடைக்காரன் தரையைப் பார்த்தான், வாயைத் திறந்தான். *இந்தப் பெஞ்சுக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எழுந்தால் என் பேண்ட் எழாது என்று நினைக்கிறேன்.* அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மோனிஷாகூட தானே எழுதியதற்குத் தானே குலுங்கிச் சிரித்தது. சம்பூரணம் அவருடைய கையை இறுக்கி, இறுக்கியது வலிக்குமே என்று விட்டு, மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோக்காரி பதில் சொல்வாள். உதடு நிறைய நேரம் அசையும், கையை எடுத்து அவன் தோளில் வைப்பாள். அன்றைக்குச் சம்பூரணம் கேட்டாள், "அவ என்னமோ சொல்றாளே, என்னங்க சொல்றா?" அவர் சம்பூரணத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவ ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு பார்த்தபோதெல்லாமும் அப்படித்தான், குடைக்காரன் பேசுவான், அவளுக்கு மட்டும் அந்த இடத்தில் வசனம் இல்லை. இவருக்குச் சலிப்பு, அதனால் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. இவள் பதிலுக்காகப் பக்கத்தில் காத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், அந்த உதடு அசைந்து முடியும்வரை, இருட்டில், காதைக் கொடுத்துக்கொண்டு. இவளோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது எழுத்தில் அந்த ரேடியோக்காரி என்ன சொன்னாளோ, கண்ணில் தண்ணீர் நின்றதால் சம்பூரணத்துக்குப் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு படம் அதுபாட்டுக்கு ஓடியது. கல்யாண நாளும் மழையும் வந்தன, குடைக்காரன் சர்ச் வாசலுக்கு ஓடிவந்து குடையை விரித்தான், கிழிந்த குடை, இரண்டு பேரும் நனைந்துகொண்டே தெருவில் நடந்து சின்னதாகிப் போனார்கள். சம்பூரணம் அவர் காதில் எதுவும் சொல்லவில்லை.

விளக்குப் போட்டார்கள். கைதட்டினார்கள், நாற்காலிகள் மடங்கிச் சத்தம் போட்டன, தலைவர் எல்லோரையும் டீ குடிக்கக் கூப்பிட்டார். "நான் தள்ளிட்டு வரட்டுங்களாம்மா?" என்றது மோனிஷா. "செத்த நேரம் இருக்கறங் கண்ணு, நீ போ." கூட்டம் வடிந்தது. சென்னியப்பன் இன்னும் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்பி, "அப்புறம்" என்றார். காலையிலிருந்து அவள் கேட்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த வார்த்தை. வேறு வார்த்தை வரவில்லை, இனி வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேச வேண்டியதையெல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டார், பாக்கி இருப்பது அவளுடையதுதான். அவள் சாய்ந்து அவருடைய காதோடு வாயை வைத்தாள். "அப்புறம் அந்தப் பொம்பள சொல்றா," என்றாள். "அன்னிக்கி நீங்க வராதது எனக்கு ஆறவே இல்லீங்க. இத்தன வருசம் உங்களக் குத்திக்கிட்டே இருந்துட்டன். நீங்க வழியில எறங்கி ஒத்தையில ஒக்காந்துருந்தது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பன். இப்ப ஆறிருச்சுங்க. கேக்குதுங்களா?" நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் அவள் மேல்தான் இருந்தது, ஆனால் காப்பியைப் பார்ப்பதும் கொசுவைப் பார்ப்பதும் அதே கண்தான். எதையாவது அதில் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம்" என்றார் அவர். பின்னால் ஆபரேட்டர் ஏசியை நிறுத்தினார், அந்த இரைச்சல் போனதும் அரங்கம் வெறிச்சென்று ஆகிவிட்டது. சம்பூரணம் அவர் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் சாய்ந்து, "அப்புறம் அந்தப் பொம்பள சொல்றா, அன்னிக்கி நீங்க வராதது எனக்கு ஆறவே இல்லீங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.